மூன்றாம் ஓலையும் காணாமல் போன கார்டும்

அத்தியாயம் நான்கு

யாராவது அழுதுகொண்டு படியேறி வந்தால், துப்பறிவாளர் ஆன்ட்ரூஸ் முதலில் செய்வது ஃபேனை நிறுத்துவது. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிட்டால் விவரம் முழுசாக வராது என்பது அவர் கண்டுபிடித்த தொழில்நுட்பம். அந்தச் சனிக்கிழமை காலையும் அவர் கம்பீரமாக எழுந்து சுவிட்சில் கை வைத்தார்.

"அது ஓடவே இல்ல சார்," என்றாள் உதவியாளர் ஷைஜா. "கெட்டுப் போயி ஒரு மாசம் ஆச்சு. நீங்க சும்மா உக்காருங்க."

ஆன்ட்ரூஸ் உட்கார்ந்தார். மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றால், ஜன்னலோர சீட்டுக்காரர்கள் வழக்கின் விவரம் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். இறங்கி வந்து ஆலோசனை சொன்னவர்களும் உண்டு.

அழுதுகொண்டு வந்த பையனுக்குப் பெயர் பெனின். அருமனைக்கு உள்ளே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவன்.

"ஒரு கார்டு காணோம் சார்."

"ஏடிஎம் கார்டா? இங்க எதுக்கு வந்த? பேங்குக்குப் போன் போடு மக்கா."

"நெட்வொர்க் கார்டு சார். ரூட்டருக்குள்ள போடுகது."

ஆன்ட்ரூஸ் மிகவும் புரிந்தவர்போலத் தலையாட்டினார். கம்ப்யூட்டர் சம்பந்தமாக அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அணைத்துவிட்டு மறுபடியும் போட்டால் சரியாகும்.

"கார்டு போனா வேற கார்டு. இதுக்கு அழுகையா?"

"எனக்க கல்யாணம் முடங்கும் சார்."

பாலத்தில் ஒரு தக்கலை பஸ் வந்து நின்றது. நாலைந்து தலைகள் இந்தப் பக்கம் திரும்பின.

பெனின் சொன்னான். கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்வார் உண்டானால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்பார். சபை மூச்சு விடாமல் இருக்கும். அவ்வளவுதான், ஓலை முடிந்தது. பெனினுக்கு நிச்சயித்த பெண் ரெஜிஷா. அவள் அப்பா ராஜையன், கடலுக்கு நடுவே ஒரு எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறார். லீவு முடிந்து இப்போதுதான் போனார். ஓலை மட்டுமல்ல, மகள் கல்யாணத்தையே வீடியோவில்தான் பார்க்கப் போகிறார். அதற்காகவே பெனின் சபைக் கோயிலில் இணைய வசதி செய்திருந்தான்.

"முதல் ஓலையில 'தடை சொல்வார் உண்டானால்' எண்ணு போதகர் கேட்டாரு. அந்த நிமிசம் நெட்டு அறுந்துது. ரெண்டாம் ஓலையிலயும் அதே எடத்துல அறுந்துது. மாமா என்ன நெனைப்பாரு? எவனோ எழும்பி தடை சொல்லியிருக்கான், நாங்க மறைக்க வேண்டி ஒயரைப் புடுங்கிட்டோம்ணு நெனச்சிட்டாரு. மூணாவதும் அறுந்தா, அடுத்த லீவுக்கு நேர்ல வந்து விசாரிச்சப் பொறவுதான் கல்யாணமாம்."

"அடுத்த லீவு?"

"அடுத்த வருசம்."

"மூணாம் ஓலை?"

"நாளைக்கு."

பஸ்ஸில் யாரோ "அட சவமே" என்றது தெளிவாகக் கேட்டது.

"கரெக்டா அந்த எடத்துல மட்டும் அறுவானேன்?" என்றாள் ஷைஜா.

"ஓலை வாசிக்கும்போதுதான் சபையில உள்ள எல்லாரும் மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் வீடியோ போடுவாவ. எல்லாம் கோயில் வைஃபைதான். லோடு கூடுனதும் கார்டு மயங்கி விழுந்துரும்."

"எங்க சித்தப்பா மாதிரி. அவரும் கல்யாண வீட்டுல கூட்டத்தைக் கண்டா விழுவாரு. ஆனா அது வேற சரக்கு."

பெனின் கோயிலின் பழைய ஒல்லிக் கம்ப்யூட்டரைத்தான் ரூட்டராக மாற்றியிருந்தான். அதில் ஓடுவது உலகத்தில் உள்ளவர்களெல்லாம் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று இலவசமாக விட்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம். இலவசம்தான், ஆனால் கண்ட கார்டையும் கட்டிக்கொள்ளாது. கார்டில் இருக்கும் சிப் எது என்று பார்க்கும். அந்தச் சிப்பின் பாஷை தெரிந்த டிரைவர் தன்னிடம் இருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும்.

"முதல்ல ஒரு கார்டு வாங்குனேன். ஆளையே தெரியலேண்ணுட்டு. ரெண்டாவது வாங்குனதைத் தெரியும்ணு சொல்லிச்சு, கூட வாழத்தான் முடியல."

"நம்ம ஆளுவ ஜாதகம் பாக்கமாட்டோம்ணு எவ்வளவு பெருமையா சொல்லுவோம்," என்றாள் ஷைஜா. "கடைசில ஒரு ரூட்டருக்குப் பத்துப் பொருத்தம் பாக்க வேண்டியதாச்சே."

"மூணாவது சரியான கார்டு. இந்த சிஸ்டத்துக்குண்ணு இணையத்துல ஒரு குழு உண்டு. அதுல 'கறுத்த பூனை'ண்ணு ஒருத்தரு. 'மண்டூ, பெட்டியில எழுதியிருக்கதைப் பாக்காத, சிப்பைப் பாரு. ஒரே பேருல உள்ள ரெண்டு பெட்டிக்குள்ள ரெண்டு வேற சிப்பு இருக்கும்'ண்ணு திட்டித் திட்டிச் சொல்லித் தந்தாரு. எனக்க கம்ப்யூட்டர் ஒல்லியா தடியாண்ணு வரைக்கும் கேட்டாரு. நார்வேயில இருக்க நம்ம ஆளுண்ணு நெனைக்கேன். புரொஃபைல் படத்துல ஒரே பனி."

அந்த மூன்றாவது கார்டு போன சனிக்கிழமை கோயில் விலாசத்துக்கு வந்தது. கூரியர்காரன் ஒப்படைத்ததாகப் படமும் அனுப்பியிருந்தான். பெட்டியைத்தான் காணவில்லை. பெனின் படத்தைக் காட்டினான். மேசைமேல் ஒரு பழுப்புநிறப் பெட்டி. இடப்பக்கம் ஏத்தன் வாழைக்குலையின் காம்பு. வலப்பக்கம் ஏதோ மஞ்சளாக.

ஆன்ட்ரூஸ் படத்தைப் பெரிதாக்கினார். அவருடைய மூளை அபூர்வமாக வேலை செய்யும். வேலை செய்யும்போது காது சிவக்கும். இப்போது சிவந்தது.

"இது கோழிக்கால்," என்றார். "கோயில் மேசையில கோழிக்கு என்ன வேலை? பெனின், போன சனிக்கிழமை உங்க சபையில என்ன விசேஷம்?"

பெனின் முகம் வெளுத்தது. "அறுப்பின் பண்டிகை. ஏலம்."

"நீ எங்க போயிருந்த?"

"கேபிள் வாங்க இங்க வந்தேன் சார்."

"ஷைஜா, ஜீப்பை எடு!"

"நம்மகிட்ட ஜீப் இல்ல சார். அருமனை பஸ்ஸு இப்ப வரும்."

*

அறுப்பின் பண்டிகையில் சபையார் விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். பிறகு அதை அவர்களே ஏலத்தில் எடுப்பார்கள். ஏலம் போட்டவர் சபைச் செயலாளர் ஜெபமணி. ஒரு வாரமாகியும் அவருக்குத் தொண்டை தெளியவில்லை. ரகசியம் பேசுகிறவர்போலவே பேசினார்.

"பெட்டி ஏத்தங்குலைக்கும் கோழிக்கும் நடுவுல இருந்துது. பெனின்ணு பேரும் எழுதியிருந்துது. கல்யாண மாப்பிள்ளைக்க காணிக்கைண்ணு நெனச்சேன். தப்பா?"

"உள்ள என்னண்ணு திறந்து பாக்கலியா?" என்றார் ஆன்ட்ரூஸ்.

"காணிக்கையைத் திறந்து பாத்துட்டா ஏலம் போடுகது? மரியாதையில்லாம!" ஜெபமணி நிமிர்ந்தார். தொண்டைக்குள்ளிருந்து போன வாரத்துக் குரல் கிளம்பி வந்தது. "உள்ள இருக்கது கர்த்தருக்குத் தெரியும், கல்யாண மாப்பிள்ளைக்குத் தெரியும்! ஒரு தரம்!" இருமல் வந்து குரலைத் திரும்பக் கொண்டுபோனது. "அப்பிடிச் சொன்னப் பொறவுதான் சூடு புடிச்சுது."

"யாரு எடுத்தா?"

"மொதல்ல செல்வன் கேட்டாரு. இவனுக்க அப்பா. மகன் பேரு எழுதுன சாமானை அடுத்தவன் எடுக்கவாண்ணு ஒரு ரோசம். ஒடனே அந்தப் பக்கத்திலேருந்து நேசபாய் கூட்டிக் கேட்டா. பொண்ணுக்க அம்மை. மருமோனுக்க காணிக்கை சும்மா போனா எனக்கில்ல கொறச்சல்ணு அவளுக்கு. இவரு விடுவாரா? அவ விடுவாளா? கோழி பயந்து மேசையிலேருந்து சாடிட்டு. கடைசில அந்தம்மா எடுத்த வெலைக்கு ஒரு பசுங்கண்ணு வாங்கியிருக்கலாம்."

பெனின் தலையில் கை வைத்தான். "எனக்க அப்பா ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சம்பந்திகிட்ட ஏலத்துல தோத்ததை எவன் மக்ளே வீட்டுல வந்து சொல்லுவான்?"

*

நேசபாய் வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகள் துவைத்த துணிபோலக் கொடியில் தொங்கின. ஓலை வாசித்து முடிகிறவரை மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது என்பதால் பெனின் ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் நிறுத்தப்பட்டான். மரம் அவனைவிட மெலிசு. எல்லாரும் அவனைப் பார்க்காததுபோல நடந்துகொண்டார்கள்.

நேசபாய் பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய குரலும் உள்ளவர். இடுப்பிலிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து, கல்யாணப் பட்டுக்குள் பொதிந்து வைத்திருந்த பெட்டியைக் குழந்தையை எடுப்பதுபோல எடுத்தார்.

"திறக்கதுக்கு நான் சம்மதிக்கமாட்டேன் தம்பி. கல்யாணம் கழிஞ்சு ரெண்டு பேருமாட்டு திறக்கணும். அதுக்குத்தான் தாக்கோலை இடுப்பிலேயே வச்சிருக்கேன். குளிக்கப் போனா மட்டும் கழத்துவேன்."

ஆன்ட்ரூஸ் பெட்டியை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். சத்தமில்லை. மறுபடியும் குலுக்கினார். காது சிவந்தது.

"அம்மா, இதுக்குள்ள இருக்க வேண்டியது தகடும் பிளாஸ்டிக் உறையும் உள்ள ஒரு சாமானம். குலுக்குனா சலசலக்கணும். இது கருவாட்டுப் பொதிபோல இருக்கு. அடியிலேயும் பாருங்க, ஒட்டுன டேப்புக்கு மேல இன்னொரு டேப்பு."

நேசபாயின் முகம் மாறியது. அவரே டேப்பைக் கிழித்தார். உள்ளே, பெட்டி அளவுக்கு அளந்து வெட்டி அடுக்கிய ரப்பர் ஷீட். அதன்மேல் ஒரு விரல் நீளத்தைக் கொஞ்சம் தாண்டிய ஒரு இரும்புத் தகடு. கார்டைக் காணோம்.

"எனக்க அலமாரியிலேயா களவு!" என்று நேசபாய் போட்ட சத்தத்தில் மரத்துக்குப் பின்னாலிருந்த பெனின் தானாகவே வெளியே வந்தான்.

"இதென்ன தகடு, மக்கா?" என்று ஆன்ட்ரூஸ் ஜன்னல் வழியாகக் காட்டினார்.

"கார்டை கம்ப்யூட்டர் பெட்டியில முறுக்குகது. கார்டுகூட ரெண்டு வரும் சார். தடிப் பெட்டிக்கு நெட்டை, ஒல்லிப் பெட்டிக்குக் குட்டை. இது நெட்டை."

"குட்டையைக் காணோம்?"

"காணோம்."

ஆன்ட்ரூஸ் மெதுவாகச் சிரித்தார். இந்தச் சிரிப்பை அவர் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தார். "விக்கிறதுக்குத் திருடுனவன் ரெண்டையும் கொண்டு போயிருப்பான். இவன் யோசிச்சு, குட்டையை மட்டும் எடுத்துட்டு, வேண்டாததை வச்சிட்டுப் போயிருக்கான். ஏன்? இவன் கார்டை விக்கப் போகல. பொருத்தப் போறான். அதுவும் ஒல்லிப் பெட்டியில. கோயில் கம்ப்யூட்டர் ஒல்லிண்ணு தெரிஞ்ச ஆளு." விரலை நீட்டினார். "பெனின்! நீயேதான் திருடன்!"

பெனின் மறுபடியும் அழத் தயாரானான்.

"சார்," என்றாள் ஷைஜா, "சொந்தக் கார்டை அவன் எதுக்குத் திருடணும்? திருடிட்டு நம்மளை எதுக்குக் கூப்பிடணும்? அதுவும் நம்மளை?"

கடைசி இரண்டு வார்த்தைகள் ஆன்ட்ரூசுக்குத் தைத்தன. விரலை மடக்கிக்கொண்டார். "பெனின், பெட்டி ஒல்லிண்ணு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். அந்தக் கறுத்த பூனைக்கு மட்டும்."

"அப்போ அவன்தான்! நார்வேக்காரன்!"

"நார்வேயிலேருந்து வந்தவன்," என்றாள் ஷைஜா, "அருமனையில அம்மா குளிக்கப் போற நேரம் பாத்து தாக்கோலை எடுத்து, முற்றத்து ரப்பர் ஷீட்டை அளவா வெட்டி வச்சிட்டுப் போனானாக்கும்."

எல்லாரும் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார்கள். கொடியில் ஒரு ஷீட்டின் ஓரத்தில் பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் இல்லாமலிருந்தது.

"ரெஜிஷா எங்க மாமி?" என்றாள் ஷைஜா, ரொம்ப மெதுவாக.

"அவ தையக்காரி வீட்டுக்குப் போயிருக்கா, பிளவுசுக்கு அளவு குடுக்க." நேசபாயின் குரலும் இறங்கியது. "ஸ்குரூடிரைவரும் கொண்டு போனா. தையக்காரிக்க மெஷின் ரிப்பேருண்ணு சொன்னா."

*

கோயில் ஆபீசின் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது சபைக்கே தெரிந்த ரகசியம். மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீண்டிருந்தன.

"ஏட்டி!" என்றார் நேசபாய்.

கால்கள் விறைத்தன. மேசையில் ஒரு தலை இடிக்கும் சத்தம் கேட்டது. ரெஜிஷா வெளியே வந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். தலையில் ஒட்டடை, கையில் ஸ்குரூடிரைவர். ஓலை வாசித்து முடியும்வரை பெண் கோயில் பக்கம் வரக்கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். அதனால் அவள் திருடியதைவிட அங்கே நின்றதுதான் நேசபாய்க்குப் பெரிய அதிர்ச்சி.

"உனக்கு வேணும்னா எனக்கிட்ட கேக்கக் கூடாதா?"

"கேட்டா தருவியா? கல்யாணம் கழிஞ்சுதான் திறக்கணும்ணு ஒத்தக்கால்ல நிக்க. இதைப் போடலேண்ணா கல்யாணமே இல்லம்மா! இது கோயில் சாமானம், கோயிலுக்கே வந்ததை நீ ஏலத்துல எடுத்துட்டேண்ணு எப்பிடி நான் சொல்லுகது? ஊரு சிரிக்காதா? நேத்து நீ குளிக்கப் போன நேரம் எடுத்தேன். நாளைக்குக் காலைல கார்டு தானா உள்ள இருக்கும், அற்புதம்ணு இவரு சபையில சாட்சி சொல்லட்டும்ணு நெனச்சேன்."

பெனின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீதான் கறுத்த பூனையா?"

"ம்."

"மண்டூண்ணு திட்டுனது?"

"நீங்க பெட்டிக்க நிறத்தைப் பாத்துல்லா கார்டு வாங்குனிய!"

"அப்போ அந்தப் பனி?"

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜு. உள்ள."

பெனின் முகத்தில் அவமானமும் சந்தோஷமும் அடித்துக்கொண்டன. சந்தோஷம் ஒரு மூச்சில் ஜெயித்தது. ஆன்ட்ரூஸ் சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே தொங்கிய காலண்டரில் எதையோ துப்பறிவதுபோல நின்றார். அவருக்குக் கண் லேசாகக் கலங்கும் வியாதி உண்டு. தொழிலுக்கு ஆகாது.

"கார்டைப் போட்டாச்சு," என்றாள் ரெஜிஷா. "சிஸ்டம் பாத்த ஒடனே ஆளைக் கண்டுக்கிட்டு. ஆனா கேபிள் குத்துகதுல எந்த ஓட்டை வெளிய போறது, எந்த ஓட்டை உள்ள வாறதுண்ணு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். பாஸ்வேர்டு சொல்லுங்க."

பெனின் தரையைப் பார்த்தான். "நானே அடிக்கேன்."

"விரலடையாளம் போயிரும், யாரும் தொடக்கூடாது," என்றார் ஆன்ட்ரூஸ், துப்பறிவாளர் என்ற முறையில் எதையாவது சொல்ல வேண்டுமே என்று. "சத்தமா சொல்லு மக்கா."

"வேண்டாம் சார்."

"என்னத்தை மறைக்க?" நேசபாய் ஒரு அடி முன்னால் வந்தார். "வேற பொண்ணுக்க பேரா?"

"பொண்ணுக்க பேருதான்," என்றான் பெனின் பரிதாபமாக. "நேசபாய். அதுக்கப்பறம்... புலி."

நேசபாய் இடுப்பில் கை வைத்தார்.

"மறந்து போகாத பேரா வைக்கணும்ணு சொன்னாவ மாமி. எனக்கு அதுதான் பயத்துல மறக்காது."

"எல்லாம் சின்ன எழுத்தா?" என்றாள் ஷைஜா, கீபோர்டில் கை வைத்து.

"புலி மட்டும் பெரிய எழுத்து."

நேசபாய் வெகுநேரம் மருமகனைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "கொள்ளாம்," என்றார் திருப்தியாக. "பெரிய எழுத்துதானே. அடி பிள்ளே, அடி."

*

ஞாயிற்றுக்கிழமை. ஆன்ட்ரூசும் ஷைஜாவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பெனின் லேப்டாப்பை ஸ்டாண்டில் வைத்து, சபை முழுவதும் தெரியும்படி திருப்பியிருந்தான். ராஜையனின் குரல் கோயில் ஸ்பீக்கரில் கேட்கும்படி செய்திருந்தார்கள். பாட்டுக்கு நடுவே கடலிலிருந்து அவரும் பாடினார், ஒரு அடி பிந்தி. ரெஜிஷா வழக்கத்தை மீறி, யார் கண்ணிலும் படாமல் பின்கதவு வழியாக வந்து ஆபீசுக்குள் ரூட்டர் முன்னால் காவலிருந்தாள்.

போதகர் ஓலையை எடுத்தார். சபையிலுள்ள அத்தனை போன்களும் எழும்பின. மஸ்கட்டும் குவைத்தும் ஒரே நேரத்தில் கோயிலுக்குள் நுழைந்தன.

"இவ்விருவருக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்குத் தடை சொல்வார் உண்டானால், இப்பொழுதே சொல்லலாம்."

அமைதி.

ஆன்ட்ரூசுக்கு மூக்கு அரித்தது. சொறியக் கையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார். இப்போது கை உயர்ந்தால் தடை சொல்ல எழும்புகிறான் என்று ஆகிவிடும். சுற்றிலும் பார்த்தார், கண்ணை மட்டும் உருட்டி. சபையில் யாரும் அசையவில்லை. முந்தின இரண்டு முறையும் நடந்த கதை ஊருக்கே தெரியும். இருமினால் தடை, தும்மினால் தடை. போன் பிடித்த கைகள் அந்தரத்தில் நின்றன. ஜெபமணி இருமலை அடக்கி அடக்கி நாகப்பழ நிறத்துக்கு வந்திருந்தார். போதகரும் ஓலையைப் பிடித்தபடி சிலையாக நின்றார்.

அப்போது ஸ்பீக்கர் அலறியது.

"நின்னு போச்சு! மறுபடியும் நின்னு போச்சு! லேய், ஒரு மனுசனும் அனங்கல, படம் அப்பிடியே நிக்குது! என்னத்தை மறைக்கிய எல்லாருமா சேர்ந்து?"

ஒருவரும் அசையவில்லை. இப்போது அசைய இன்னும் பயம். நேசபாய் புலியாக இருந்தும் உட்கார்ந்தே இருந்தார். பெனின் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்தது. அதைக்கூட அவன் துடைக்கவில்லை.

"நான் போனை வைக்கேன்," என்றது ஸ்பீக்கர். "லீவுக்கு வந்து பேசிக்கிடலாம்."

ஆபீஸ் கதவு படாரென்று திறந்தது. தன்னுடைய ஓலையைக் கேட்க வரக்கூடாத பெண், சபைக்கு நடுவே ஓடி வந்து, லேப்டாப்புக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினாள்.

"அப்பா! எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு! இவியதான் பயத்துல அனங்காம இருக்காவ! பாருங்கப்பா, நான் கைய ஆட்டுகேன், தெரியுதா?"



"தெரியுது மக்ளே," என்றது ஸ்பீக்கர். குரல் முன்னைப்போல இல்லை. "அப்போ தடைண்ணு ஒருத்தரும் சொல்லலியா?"

"இல்லப்பா. நீங்கதான் சத்தம் போட்டிய."

"நானா? எனக்கு ஒரு தடையும் இல்லம்மா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கோயில் முழுக்க எதிரொலித்தது. "கையில என்னது?"

"ஸ்குரூடிரைவர்."

"செரி. கல்யாணத்தண்ணும் அதைப் பக்கத்துலயே வச்சிரு. நான் இதுலதான் பாக்கணும்."

போதகர் ஓலையை மடித்தார். சபை மொத்தமாக மூச்சு விட்டது. ஜெபமணி ஆசைதீர இருமினார். ஆன்ட்ரூஸ் கையைத் தூக்கி, நிதானமாக, சுகமாக, மூக்கைச் சொறிந்துகொண்டார்.